என் விரலில் எடுத்த எண்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். கோர்வையாகச் சொல்ல வராது. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்தால் கோபிக்காமல் வாசியுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பேனா. எழுதுகிற பேனா இல்லை. நுனியில் பொடி ஊசி வைத்து, விரலில் பதித்து, பொத்தானை அமுக்கினால் டக்கென்று குத்திவிட்டு உள்ளே போய்விடும் பேனா. சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கானது. நீல நிறம், மூடி ஓரத்தில் ஒரு கீறல். பல வருடமாகப் பிஸ்கட் டப்பாவில் கிடந்ததைப் போன வாரம் வெளியே எடுக்க வேண்டி வந்தது. கையில் எடுத்ததும் என் இடது கை மோதிர விரல் தானாக நீண்டது. எதற்கு நீண்டது என்று எனக்கே ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு சிஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் போடியில் ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கும் வேலையில் இருந்தேன். வெடித்த காய், பூச்சி விழுந்த காய், நிறம் வெளுத்த காய் எல்லாவற்றையும் நாள் முழுக்கக் குனிந்து பிரிக்க வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில், கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தார்கள். அவர்கள் மகள் மட்டும் படிப்புக்காக என்னோடு இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் தண்ணீர்த் தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தாள், மணிக்கொரு தரம் ஒன்றுக்குப் போனாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது, குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் என்றார்கள். கிழவன் கிழவிக்கு வருவது பிள்ளைக்கு எப்படி வரும் என்று நான் அந்த வராந்தாவில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இது வேறு, உடம்பில் அந்த மருந்தே சுரக்கவில்லை, ஆயுசுக்கும் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் சர்க்கரைக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போக வேண்டும். டாக்டர் மருந்து அளவை எழுதுவார். ஆனால் அந்த அளவோடு வீட்டில் எப்படிப் பிழைப்பது என்று சொல்லித் தருகிறவர் அங்கிருந்த நர்ஸ், எங்கள் சிஸ்டர்தான். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கரகரத்த குரல். முதல் நாளே அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. பிள்ளையைத் தொடமாட்டார். கூட வந்த பெரிய ஆளைத்தான் முதலில் உட்காரவைப்பார். "மொதல்ல நீங்க குத்திக்கிருங்க. வலி எம்புட்டுன்னு தெரியாம பிள்ளைய அதட்டக் கூடாது," என்பார். ஆறடி மீசைக்காரர் ஒருவர் விரலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டதையும், அவர் மகன் கைதட்டிச் சிரித்ததையும் நான் பார்த்தேன். என் முறை வந்தபோது வெட்கத்தில் விரலை மடக்கிக்கொண்டேன். தம்பி மகள்தான் விரலைப் பிரித்து, "பயப்படாத அத்தை, நான் இருக்கேன்ல," என்றாள். என் விரலில் முதல் சொட்டு அப்படித்தான் வந்தது. இது பின்னால் முக்கியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சிஸ்டரிடம் பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது. மதியம் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் திறக்கச் சொல்லி, எந்தச் சோற்றுக்கு எத்தனை ஊசி அளவு என்று பிள்ளைகளையே சொல்லவைப்பார். பைக்குள் எதையோ ஒளிக்கும் பையனைப் பார்த்தால், "என்னடா அது, முறுக்கா? எனக்கு ரெண்டு குடு. மிச்சத்துக்கு எம்புட்டு மருந்துன்னு சொல்லிட்டுத் தின்னு," என்பார். தின்னாதே என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர்களைத்தான் கண்டிப்பார். சர்க்கரை எண்ணைக் காட்டும் மெஷினைப் பற்றி அவர் அடிக்கடி சொன்ன ஒன்று இப்போதும் காதில் நிற்கிறது. "மெஷின்ல வர்றது மார்க்கு இல்ல. கூட வந்தாலும் கொறைய வந்தாலும் அது ஒரு சேதி. சேதி கொண்டாந்தவள அடிச்சீங்கன்னா அடுத்த தடவ பொய்ச் சேதிதான் வரும்." நானும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

வீட்டுக்கு வந்தால் நான் அப்படி இல்லை. மெஷின் காட்டும் எண்ணை அவள் வாசிப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். குறைந்தால் அவளுக்கு முத்தம், கூடினால் அவளுக்குப் பேச்சு. "என்னத்தத் தின்ன? மறைக்காமச் சொல்லு." அவள் ஒன்றும் தின்றிருக்கமாட்டாள். பதின்மூன்று வயதில், ஆளான பிறகு, எண் சும்மாவே ஏறியது. தம்பி மலையிலிருந்து இறங்கி வந்து நோட்டைப் புரட்டுவான். மலையாளத்தாரோடு இருந்து இருந்து அவனுக்குப் பேச்சே மாறியிருந்தது. "மோளே, இப்பிடியே கூடிக்கிட்டுப் போனா படிப்பு வேண்டாம். அத்தைக்கு ஒன்னப் பாக்க முடியல. மேல கூட்டிட்டுப் போயிருவேன்," என்றான். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் திக்கென்றது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவளுக்குப் பள்ளிக்கூடம் போய்விடும், எனக்கு அவள் போய்விடுவாள். இரண்டு பேருடைய பயமும் அந்த நோட்டில்தான் இருந்தது.

அதற்கப்புறம் எத்தனை நாள் கழித்து என்று நினைவில்லை, ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது பேனாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். "நான் மட்டும் தெனம் குத்திக்கணுமா? நீயும் குத்திக்க அத்தை. சிஸ்டர் சொன்னாகல்ல." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, என் விரலைப் பிடித்து ஊதி ஊதிக் குத்துகிறது. "ஒனக்கு எருமத் தோலு அத்தை, ஊசி வளையுது," என்பாள். "ஏலக்கா பொறுக்குன விரலு ஆத்தா, பாத்துக் குத்து," என்பேன். மெஷினில் சொருகும் பட்டையில் ரத்தத்தைத் தொட்டு மெஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். "ஒனக்கு நல்லா இருக்கு, போ." நான் வெரசாகக் குடோனுக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்தால் நோட்டில் அவளே எண்ணை எழுதி வைத்திருப்பாள். தொண்ணூற்றெட்டு, நூற்றிப் பத்து, நூற்றி ஐந்து. தம்பி பார்த்துவிட்டு, "இப்பத்தான் பிள்ள வழிக்கு வந்துருக்கா," என்றான்.

இப்போது யோசித்தால் எனக்கு விளங்காதது இதுதான். ரத்தம் தொடும் பட்டைகளை ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு இத்தனை என்று தருவார்கள். இரண்டு பேர் குத்திக்கொண்டால் அவை பாதி மாதத்தில் தீர வேண்டும். தீரவில்லை. மாதக் கடைசியிலும் டப்பாவில் இருந்தன. ஒரு மூட்டை ஏலக்காயில் பத்துக் காய் பழுதென்றால் கண்ணுக்குத் தெரிகிறவள் நான். டப்பாவில் பட்டை தீராதது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் கேட்காமல் விட்டேனா? இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் உண்மை மாதிரியே இருக்கிறது.

மூன்று மாதச் சர்க்கரையை மொத்தமாகக் காட்டுகிற ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது வந்த சனிக்கிழமை டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். நோட்டில் நல்ல எண். மெஷின் தன் வயிற்றுக்குள் பழைய எண்ணை எல்லாம் வைத்திருக்குமாம், பொத்தானை அமுக்கிப் பார்த்தார், அதிலும் நல்ல எண். ஆனால் அந்தப் பரிசோதனை மட்டும் மோசம் என்றது. லேப்பில் தப்பு இருக்கலாம், அடுத்த மாதம் மறுபடி எடுப்போம், மருந்தை இப்போதைக்குக் கூட்ட வேண்டாம் என்றார். நோட்டை வாங்க நான் கை நீட்டினேன். சிஸ்டர் நோட்டைக் கொடுக்காமல் என் கையைப் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் நுனிகளைப் பார்த்தார். காய்த்துப்போன தோலில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். நான் கூச்சத்தில் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடுத்த தடவ வர்ற வரைக்கும் அவளுக்கு நீங்களே குத்திப் பாருங்கம்மா," என்றார். அவள் குறுக்கே பாய்ந்து, "அத்தைக்குக் கை நடுங்கும் சிஸ்டர், நானே பாத்துக்கிருவேன்," என்றாள். எனக்குக் கை நடுங்காது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாதத்திலேயே அது நடந்தது. இரண்டு நாள் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனவளை மத்தியானம் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் வந்து பார்க்கும்போது வாந்தி எடுத்துக் கிடந்தாள், மூச்சு நாயைப் போல இரைத்தது. சிஸ்டர் எல்லோருக்கும் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன். "வாயில என்ன வாசம் வருதுன்னு மோந்து பாருங்க," என்றார். பார்த்தேன். "ஏலக்கா வாசந்தான் சிஸ்டர்," என்றேன். எனக்கு எல்லாமே ஏலக்காய் வாசம்தான். சோறு, சேலை, தலையணை எல்லாம். குடோனில் இருபது வருடம் இருந்த மூக்கு அது. சிஸ்டர், "ஒங்க மூக்கு வேண்டாம்மா. ஏலக்கா வேல பாக்காத ஆளக் கூப்பிடுங்க, வெரசா," என்றார்.

நான் அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா ஓடி வந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் பழக்கடை. குனிந்து ஒரே முகர்தல்தான். "யா அல்லா, என்னடி, ஒனக்குத் தெரியலையா? எங்க கடைல அழுகுன ஆப்பிளக் கொட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார். போனில் சிஸ்டருக்கும் அது கேட்டிருக்கிறது. "சக்கர ரொம்ப ஏறுனா வர்ற வாசம் அது. சக்கர பாருங்க. அவ விரல்ல, நீங்களே," என்றார். தம்பி மகளின் விரலை நான் குத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பஞ்சு மாதிரி விரல். புள்ளியே இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மெஷினில் எண் வரவில்லை, ஏதோ இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்தது. ராத்தா வாசித்துச் சொன்னார். "அப்படின்னா மெஷின் அளவையே தாண்டிருச்சு. ஜீப்போ காரோ, கெடச்சதுல ஏத்துங்க. போற எடத்துல பிள்ளைக்குச் சின்ன வயசு சக்கரன்னு மொதல் வார்த்தையாச் சொல்லுங்க. நான் அங்க டாக்டர்ட்ட பேசுறேன்," என்றார் சிஸ்டர் போனில். ராத்தா வீட்டுக்காரர் பழ லோடு இறக்கிக்கொண்டிருந்த ஜீப்பை அப்படியே கொண்டுவந்தார். ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே அவளை மடியில் போட்டுக்கொண்டு தேனிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அந்த விரலைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

பிழைத்துவிட்டாள். நாலு நாள் ஆனது. நினைவு தெளிந்ததும் அவள் கேட்டது, "அப்பா வந்துட்டாரா, நான் மேல போகணுமா?" என்பதுதான். பிறகு மதுரைக்குப் போனபோது சிஸ்டர் எங்கள் இருவரையும் தனி அறைக்குள் உட்காரவைத்தார். அவளுடைய கையை மேசையில் வைக்கச் சொன்னார், பக்கத்தில் என் கையையும் வைக்கச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் இரண்டு கைகளையும் பார்த்தோம். அவள் அழ ஆரம்பித்தாள். சிஸ்டர் திட்டவில்லை. "மூணு மாசமா நாங்க ஒங்க அத்தை சக்கரையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். அத்தைக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காக. ஒன் சக்கரையத்தான் யாரும் பாக்கல. வளர்ற வயசு, மருந்து கூட வேணும். அது தெரியாம நாங்க கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டோம்," என்றார். நான் தலை நிமிரவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு ஒங்க விரலப் பாத்தப்ப, ஒங்களுக்கும் சக்கர இருக்கு, சொல்லக் கூச்சப்படுறீகன்னு நெனச்சுட்டேன். வாயத் தொறந்து கேட்டிருக்கணும். குத்திக்கிரச் சொன்னதும் நாந்தான்," என்றார். இப்படிச் சொன்னார் என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் அன்றைக்கு என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா? அப்படியானால் நீங்களே குத்திப் பாருங்கள் என்று ஏன் சொன்னார்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தம்பி வந்து நின்று, கூட்டிப் போகிறேன் என்றான். சிஸ்டர் சண்டை பிடிக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க லயத்துல மத்தியானம் இவ இப்பிடிக் கெடந்தா, ஆஸ்பத்திரிக்கு எம்புட்டு நேரம் ஆகும் தம்பி?" மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடுவதை அவன் நினைத்தான் போல. "அக்கா பாத்துக்கிரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போனான். அன்றிலிருந்து எண் கூடினால் நான் பேசாமல் எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது எழுதினேன். முந்நூறு, நானூறு என்று அசிங்கமான எண்களாகவே நிறைந்த நோட்டைப் பார்த்து, "இப்பத்தான் நோட்டு அழகா இருக்கு," என்றார் சிஸ்டர்.

இன்னொன்றும் கவனித்தேன். அதற்குப் பிறகும் புதிதாக வரும் தாய் தகப்பனை அவர் குத்திக்கொள்ளச் சொன்னார். ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும் மெஷினில் இல்லை. மேசை இழுப்பறையில் தனியாக ஒரு பழைய மெஷின் வைத்திருந்தார், அதில்தான். எங்களால்தான் அந்த மாற்றம் என்று நினைக்கிறேன். அதையும் கேட்கவில்லை. பதினெட்டு வயது முடிந்ததும் அவளைப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாள் சிஸ்டர் விடுப்பில் இருந்தார். சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டோம். பிறகு போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

தம்பி மகள் இப்போது ஏலக்காய் ஏலம் விடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மதுரைக்கு இப்போது ரயிலிலேயே போய் வருகிறாள். கைச் சதையில் ஒரு ரூபாய் அளவு பொத்தான் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது, எண் போனில் வந்துவிடும். குத்த வேண்டாம், மறைக்கவும் முடியாது. போன வாரம் கதவில் உரசி அது கழன்று விழுந்துவிட்டது. புதிது வர இரண்டு நாள் ஆகும், பழைய மெஷினை எடு அத்தை என்றாள். அப்போதுதான் டப்பாவைத் திறந்தேன், பேனாவை எடுத்தேன், என் விரல் நீண்டது. அவள் புதுப் பட்டையைப் பிரித்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒனக்கு அப்பவே தெரியும்ல அத்தை? நீ எனக்காகத்தான் சும்மா இருந்தன்னு நான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள். ஆமாம் என்றால் நான் அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள். இல்லை என்றால் இத்தனை வருடம் அவள் வைத்திருந்த நன்றி பொய்யாகிவிடும். எது நிஜம் என்று எனக்கே தெரியாதபோது நான் எதைச் சொல்வேன்? விரலை மடக்கவும் தெரியாமல் நீட்டியபடியே நின்றேன். "தள்ளு அத்தை, இது என் ரத்தம்," என்று என் விரலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் விரலை வைத்து டக்கென்று குத்திக்கொண்டாள். இருநூற்றி நாற்பது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுதியதில் அவளுடைய வயது, எத்தனை மாதம் அந்த விளையாட்டு நடந்தது, டாக்டர் சொன்னதெல்லாம் மாறிப்போயிருக்கலாம். சிஸ்டர் என் விரலைப் பற்றிச் சொன்னதாக நான் எழுதியிருப்பதை, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறாள் தம்பி மகள். மதுரையில் குழந்தைகள் சர்க்கரைப் பிரிவில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டியிருந்த அந்த சிஸ்டரை யாருக்காவது தெரிந்தால், இதை அவரிடம் வாசித்துக் காட்டி எங்கே தப்பு என்று கேட்டுச் சொல்லுங்கள். முக்கியமாக, என் கையைப் பிடித்துப் பார்த்த அந்தச் சனிக்கிழமை அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அவர் சொன்னால், எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று நானும் தெரிந்துகொள்வேன்.